ஓர் ஆட்டத்துக்கு எத்தனை கோல்

ஜூன் 2, திங்கள்

இன்று லேபில் நாற்பத்தொரு சாம்பிள். நாற்பத்திரண்டாவதாகச் சர்க்கரை பார்க்க வந்து உட்கார்ந்தவர் கோதண்டபாணி, எங்கள் லாந்தர் ஃபுட்பால் கிளப்பின் தலைவர். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதற்குள் வந்த விஷயத்தைக் கொட்டிவிட்டார். கோச் மொண்டல் சார் கொல்கத்தாவுக்கே திரும்பிப் போகிறாராம். லீக்கில் இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி. பன்னிரண்டு அணிகளில் நாம் பதினொன்றாவது. கடைசி இரண்டு அணிகள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். கிளப் ஆரம்பித்து நாற்பத்தாறு வருடத்தில் அப்படி ஒருமுறைகூட இறங்கியதில்லை.

"கமிட்டில ஆறு பேரு மேடம். மூணு பேரு உங்க வூட்டுக்காரரக் கூப்புடுங்கறான், மூணு பேரு இக்பால் பாயக் கூப்புடுங்கறான். நான் எந்தப் பக்கம் கையத் தூக்குனாலும் இன்னொரு பக்கத்துக்காரன் அடிக்க வருவான். அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டோம். யாரு கோச்சா இருந்தப்ப அதிகமா கோல் அடிச்சோமோ அவரையே போட்டுரலாம். ரெண்டு பேருமே ஒத்துக்கினாங்க. நோட்டெல்லாம் உங்ககிட்டதான இருக்குது?"

இருக்கிறது. மொத்தம் பத்தொன்பது நோட்டு. என் கணவர் தயாளன் 2006இல் கோச் ஆனபோது நானும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எழுதத் தொடங்கினேன்: யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம், எப்படி வந்த கோல். 2015 முடிவில் கமிட்டி அவரை நிறுத்திவிட்டு இக்பால் பாயைக் கோச் ஆக்கியது. இரண்டு பேரும் பத்து வருடம் ஒரே அணியில் ஆடியவர்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. ஒன்பது வருடம் ஆகிறது. நான் மட்டும் எழுதுவதை நிறுத்தவில்லை.

எனக்கு ஆட்டம் தெரியாது, எண்ணத் தெரியும். மெஷின் வருவதற்கு முன்னால் ரத்த அணுக்களையே கண்ணால் எண்ணியவள் நான்.

நேற்று மூன்றுக்குச் சைபர் என்று தோற்றோம். எதிரணியில் பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் தடுமாறினான். நம் ஆட்கள் தொண்ணூறு நிமிடமும் அவனுடைய வலது பக்கமாகவே போய் மோதினார்கள். அவர்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும். எனக்கென்ன தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

பாத்திரம் தேய்க்கும் சோப்பு தீர்ந்துவிட்டது. 2006 முடிந்தது: 18 ஆட்டம், 29 கோல்.

ஜூன் 4, புதன்

காலையில் எழுந்தால் டீ தயாராக இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர் டீ போட்டது எத்தனை முறை என்று எந்த நோட்டும் பார்க்காமல் சொல்லிவிடுவேன்.

"எதுவரைக்கும் வந்த?" என்று கேட்டார்.

"2009."

"அந்த வருசம் ஒரு டீம் கிரவுண்டுக்கே வரல. நமக்கு மூணு கோல் குடுத்தாங்க. அத சேத்துக்கினியா?"

"யாரும் அடிக்காத கோலை எப்படிங்க சேக்கறது?"

"சரி, ஓன் கோல்? அவன் ஆளே அவன் வலைல அடிச்சிக்கினது?"

"அது சேரும். வலைக்குள்ள போன பந்து."

"பெனால்ட்டி ஷூட் அவுட்?"

"சேராது. அது ஆட்டம் முடிஞ்சப்புறம்."

டீயை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை. ஷூட் அவுட்டைச் சேர்த்திருந்தால் இருந்திருக்குமோ என்னவோ. இந்த விதிகள் எல்லா கோச்சுக்கும் ஒன்றுதான் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

2013க்கு வந்ததும் கை நின்றது. எழுத்து என்னுடையதல்ல. பச்சை மை, சாய்ந்த எழுத்து. அந்த ஜூனிலிருந்து அடுத்த வருடம் ஜூலை வரை பதினான்கு மாதம் என்னைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரி லேபுக்கு மாற்றியிருந்தார்கள். நான் இல்லாதபோது கமிட்டியின் வேதாச்சலம்தான் எழுதினார். ஒழுங்காகவே எழுதியிருக்கிறார். 24 ஆட்டம், 15 கோல்.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். பதினைந்துதான்.

அந்த வருடம் முன்னால் ஆடுகிற பையன் ஒருவனுக்குக் கணுக்காலில் அடி. மழையும் அதிகம் என்று நினைக்கிறேன். அப்போது என் கணவர் தினமும் ஃபோன் பண்ணுவார். சாப்பிட்டாயா, கொசு இருக்கிறதா, எப்போது லீவு என்றுதான் பேச்சு. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

கீரை வாடிவிட்டது. நாளைக்குத் தாங்காது.

ஜூன் 7, சனி

பக்ரீத். எந்தச் சண்டை நடந்தாலும் இக்பால் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வருவது நின்றதில்லை. அவருடைய மகள் கொண்டுவருவாள். இவரும் ஒன்பது வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். 'அந்த ஆளோட எனக்குப் பேச்சில்ல, பிரியாணி என்னா தப்பு பண்ணிச்சு' என்பது அவர் நியாயம்.

இந்த முறை பாயே தூக்குவாளியோடு கேட்டில் நின்றார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசம். இவர் ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? அண்ணன் முட்டி வலி எப்புடி இருக்குது?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சலோமி, முட்டி நல்லா இருக்குதுன்னு சொல்லு."

"நல்லா இருக்காம்," என்றேன்.

"நல்லெண்ண தேய்க்கச் சொல்லுங்க அண்ணி."

"தேச்சிக்கினுதான் இருக்கேன்னு சொல்லு."

இருவருக்கும் நடுவில் எட்டடிகூட இல்லை. கணக்கைப் பற்றி பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது என் கையிலிருந்த மை கறையைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

பிரியாணி நன்றாக இருந்தது. இவர் மூன்று முறை போட்டுக்கொண்டார்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

தயாளன், 2006 முதல் 2015 வரை: 182 ஆட்டம், 311 கோல். ஆட்டத்துக்கு 1.71.

இக்பால், 2016 முதல் 2021 வரை (நடுவில் ஒரு வருடம் கொரோனாவால் லீக் இல்லை): 88 ஆட்டம், 160 கோல். ஆட்டத்துக்கு 1.82.

மொண்டல், 2022 முதல் இன்றுவரை: 61 ஆட்டம், 58 கோல். 0.95. பாவம், நல்ல மனிதர்.

பாய் முன்னால் இருக்கிறார்.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். பச்சை மைப் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி வகுத்தேன். 158 ஆட்டம், 296 கோல். 1.87. இவர் முன்னால் வந்துவிடுகிறார்.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினான்கு மாதத்தை நீக்க என்ன காரணம் சொல்வது? ஸ்கோர் எழுதுகிறவள் ஊரில் இல்லை என்பதற்காக ஆட்டத்தைக் கழிக்க முடியுமா? அடித்தவன் வேறு, எண்ணுகிறவள் வேறு. நோயாளி சொந்தக்காரர் என்பதற்காக ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினை ஏற்றி எழுதுவதுமில்லை.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கமிட்டிக்கு 1.71 என்றே போகும்.

ஜூன் 9, திங்கள்

கமிட்டிக்கு முன்னால் அவர் காதில் விழட்டும் என்று சாயங்காலம் சொன்னேன். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டார். பூஜ்யம் புள்ளி பதினொன்று என்றேன்.

"அப்புடின்னா?"

"ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு கோல்."

"ஒன்பது மேட்சுக்கு ஒரு கோலு! ஒத்த கோலு! அதுக்கு நான் தோத்தவனா?"

மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தார். போன வாரம்தான் கழுவினார். தெருவே கேட்கும்படி தேய்த்தார்.

ஜூன் 10, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் பத்தொன்பது நோட்டும் கட்டிலில் விரிந்து கிடக்கின்றன. நடுவில் மூக்குக்கண்ணாடியோடு அவர். சமைத்து வைத்துவிட்டுப் போன சாம்பார் அப்படியே இருந்தது. அவர் கையில் பச்சை மை நோட்டு.

"இது யாரு கையெழுத்து?"

"வேதாச்சலம்."

"நீ எங்க இருந்த?"

"திருவண்ணாமலைல. மறந்துபோச்சா?"

"மறக்கல," என்றார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என்னவோ எக்ஸ்ரே பார்ப்பதுபோல. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது ஒரு கிலோ பங்கனப்பள்ளி மாம்பழம் வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா" என்றார்.

ஜூன் 11, புதன்

கமிட்டிக் கூட்டம். கிளப் அறையில் மின்விசிறி ஒன்றுதான், அதுவும் தலைவர் தலைக்கு மேல். நான் எழுந்து எண்களைப் படித்தேன். இக்பால் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர், "அப்ப இக்பால் பாய்தான் கோச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார். ஆறு பேரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள்.

"தலைவரே, நம்பர் கரெக்ட். இக்பாலயே போடுங்க. ஆனா இந்த நோட்டுல இன்னொரு நம்பர் இருக்குது. அத இவ படிக்கல."

பச்சை மைப் பக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"2013 ஜூன்லருந்து அடுத்த ஜூலை வரைக்கும், இருபத்திநாலு மேட்ச்சு, பதினஞ்சு கோலு. கோச்சு நான்தான். பசங்க அதே பசங்கதான். இவ மட்டும் ஊர்ல இல்ல." நோட்டைக் கீழே இறக்கிக்கொண்டார். "நான் ஆட்டம் முடிஞ்சு வூட்டுக்கு வருவேன். இவ சோறு போட்டுக்கினே பேசுவா. அந்த ஸ்டாப்பர் இடது பக்கம் திரும்ப மாட்றான், இந்தப் பையன உள்ள தள்ளி ஆட வெச்சா நல்லா இருக்கும்னு. நான் காதுல வாங்காத மாதிரி சாப்புடுவேன். மறுநாளு கிரவுண்டுல போயி நானே கண்டுபுடிச்ச மாதிரி சொல்லுவேன். பத்து வருசமா அப்புடித்தான் ஓட்டிக்கினு இருந்தேன். நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது."

எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. சாப்பிடும்போது ஏதாவது பேசத்தானே வேண்டும்.

அப்போது இக்பால் பாய் எழுந்தார். முகத்தில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணே, நீங்களாச்சும் சோறு போடற வரைக்கும் காத்துக்கினு இருந்தீங்க. எனக்கு ஆட்டத்துலயே கெடச்சிடும். அண்ணி எழுதறப்ப வாய்க்குள்ள பேசிக்கினே எழுதும். அண்ணி உக்கார்ற படிகிட்ட இருக்குற தண்ணிப் பானை பக்கத்துல நின்னா நல்லா கேக்கும். அந்த ஆறு வருசமும் நான் தண்ணி குடிச்சதெல்லாம் தாகத்துக்கில்ல."

நான் வாய்க்குள் பேசுவதாக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அப்ப மொண்டல் சாரு?" என்றார் வேதாச்சலம். "அவரும் பானை பக்கத்துலதான நிப்பாரு?"

"அவருக்குத்தான் தமிழ் தெரியாதே," என்றார் தலைவர்.

அப்போது எழுந்த சிரிப்பில் பக்கத்து டெய்லர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவரும் பாயும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அதை இரண்டு பேருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிவு: கோச் இக்பால் பாய். நான் அவரோடு பெஞ்சில் உட்கார வேண்டும். ஸ்கோர் யார் எழுதுவது என்று கேட்டேன். "நான் எழுதறேன்," என்றார் இவர்.

வெயில் அதிகம். லேசாகத் தலைவலி. மாம்பழம் நல்ல இனிப்பு.

ஜூன் 15, ஞாயிறு

பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஏழு பையன்கள், பாய், ஐஸ் பெட்டி. நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று பாய் காதை என் பக்கமே சாய்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் என்னையே பார்த்தால் எப்படிப் பேச்சு வரும்? ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டுக்குச் சைபர் என்று தோற்றோம். நான் வழக்கமாக உட்காரும் பழைய சிமெண்ட் படியைப் பார்க்க ஏக்கமாக இருந்தது. அங்கே இவர் நோட்டும் பேனாவுமாக, பரீட்சை எழுதுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் பாய் வீட்டுக்கு வந்தார். நான் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பற்றியே புகார் பேசினார்கள், என் முன்னாலேயே.

"ஒரு வார்த்த பேசலண்ணே."

"வூட்ல வாயே மூடமாட்டாடா. அங்க போயி ஊமையாயிட்டா."

"நீங்க தெனம் என்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். சாப்புடுவேன். கவனிக்காத மாதிரி இருக்கணும்டா, அதான் விசயம்."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு இவர்கள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. நான் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டினால் வீம்புக்கு நிறுத்திவிடுவார்கள்.

போன ஆட்டம் எங்கே உடைந்தது என்று கட்டிலில் துணிக் கிளிப்புகளை அடுக்கி இருவரும் சண்டை போட்டார்கள். நீலம் நம் அணி, சிவப்பு அவர்கள். சரியாகவே அடுக்கவில்லை. நடுவில் இரண்டு நீலக் கிளிப்பும் ஒரே இடத்தில் நிற்கின்றன, அந்த இடத்தில் ஒருவன் போதும். தலையணை உறையை மடிக்கும் சாக்கில் ஒரு கிளிப்பை நாலு விரல் முன்னால் நகர்த்தி வைத்தேன். இரண்டு பேரும் உத்தரத்தைப் பார்த்தார்கள், கவனிக்காதவர்கள் மாதிரி.

ஜூன் 22, ஞாயிறு

1-1. பாயிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். மழையில் நனைந்த ஜெர்சிகளைத் துவைக்கிறவருக்கு உடம்பு சரியில்லை, பதினெட்டு ஜெர்சி எங்கள் வீட்டு மாடியில் காய்கின்றன.

ஜூன் 29, ஞாயிறு

3-1. ஜெயித்தோம்! இன்று எத்தனை வார்த்தை பேசினேன் என்று எண்ணவில்லை. பத்தாவது இடத்தில் இருப்பவர்களைவிட இரண்டு புள்ளி குறைவு. கடைசி ஆட்டம் அவர்களோடுதான். டிரா ஆனால்கூட நாம்தான் இறங்குகிறோம். ஜெயித்தே ஆக வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

லேபில் சர்க்கரை பார்க்க வந்த தலைவருக்கு 240. ஞாயிறு வரை ஸ்வீட் தொடக் கூடாது என்றேன். "ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம்?" என்று கேட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

சாயங்காலம் ஆறரை. குளித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தெருவில் இன்னும் மேளச் சத்தம்.

மைதானத்தில் இத்தனை கூட்டத்தை நான் பார்த்ததில்லை. இருபதாவது நிமிடத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். அதன் பிறகு பந்து முழுக்க நம்மிடம். மூலையிலிருந்து அடிக்கிற கார்னர் ஏழு கிடைத்தது, ஏழும் வீண். வலது பக்கம் ஆடும் ரூபன் அழகாகப் போடுவான், அவர்களுடைய கோல்கீப்பர் தாவிவந்து குத்தித் தள்ளுவான். நெடிய ஆள்.

இடைவேளையில் பையன்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பாய் கத்தவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றார். எனக்கு வாய்க்குள் பேச்சு வந்துவிட்டது. ஆனால் இந்த முறை வாய்க்குள் பேசினால் போதாது, ரூபன் பத்தடி தள்ளி இருக்கிறான். எழுந்து நின்றேன்.

"ரூபன், கார்னர் போடறப்ப நீ கிட்டக்கப் போடற. அந்த கோல்கீப்பர் ஒவ்வொரு தடவையும் நீ ஓடி வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு அடி முன்னால வந்துடறான். அவன் தலைக்கு மேல, தூரமாப் போடு. கிஷோர், நீ எல்லாரோடயும் சேந்து உள்ள ஓடாத. அந்தப் பக்கத்துப் போஸ்ட் கிட்ட நில்லு. சும்மா நில்லு. உன்ன யாரும் பாக்கமாட்டாங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. கிஷோர் மட்டும், "சும்மா நிக்கணுமா ஆன்ட்டி?" என்று கேட்டான். ஸ்டாப்பராக ஆடுகிறவன், சும்மா நின்று பழக்கமில்லாதவன்.

"சும்மா நில்லு."

இடைவேளைக்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் ஒரு கார்னர்கூடக் கிடைக்கவில்லை. என் கை ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்தது பிடித்தபடி இருந்தது. பிறகு கிடைத்தது. ரூபன் பந்தை வைத்தான், ஒருமுறை பெஞ்சைப் பார்த்தான், ஓடிவந்து அடித்தான். கோல்கீப்பர் இரண்டு அடி முன்னால் வந்தான். பந்து அவன் விரலுக்கு மேலே போனது. அந்தப் பக்கம் கிஷோர் தன்னந்தனியாக, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றிருந்தான். நெற்றியால் முட்டினான்.

பாய் என் கையைப் பிடித்துக் குதித்தார். பிறகு மரியாதை நினைவுக்கு வந்து கையை விட்டுவிட்டு ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது கோல் 84வது நிமிடத்தில். அதற்கு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரூபனே இரண்டு பேரைத் தாண்டிப் போய் அடித்தான். 2-1. இறங்கவில்லை. விசில் அடித்ததும் தலைவர் லட்டு டப்பாவோடு ஓடிவந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் நோட்டைக் கேட்டேன். தர மாட்டேன் என்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிடுங்கிப் பார்த்தேன். கோழிக் கிறுக்கல்தான், ஆனால் நிமிடங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கோல் வரிசையில் புதிதாக ஒரு கட்டம் போட்டு 'பந்தைக் கொடுத்தவர்' என்று தலைப்பு எழுதியிருந்தார். 71வது நிமிடம், அடித்தது கிஷோர். கொடுத்தது: ரூபன், சலோமி.

"என்னங்க இது? நோட்டுல தப்பா எழுதக் கூடாது."

"எது தப்பு?" என்றார். கேட்டுவிட்டு மாம்பழம் நறுக்கப் போய்விட்டார்.

அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒருமுறை சரிபார்த்தேன். நிமிடம் சரி. அடித்தவன் பெயர் சரி. ரூபன் பெயர் சரி.

மற்றதும் சரிதான். பேனாவை மூடிவைத்துவிட்டேன்.